பார்க்கலாம்

பிப்ரவரி 6

பேக்கரிக்கார அம்மாள் மறுபடி வந்தார். பெரிய ஓவன் வாங்கக் கடன் வேண்டும். தலைமை அலுவலகம் நேற்றே முடியாது என்று அனுப்பிவிட்டது: வாடகைக் கடை, அடமானத்துக்கு ஒன்றுமில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. "பார்க்கலாம்மா" என்றேன். சந்தோஷமாகப் போனார்.

வங்கியின் சிறுதொழில் கடன் பிரிவில் முப்பத்தொரு வருடமாக என் 'இல்லை' இதுதான். சேர்ந்த புதிதில் மேலாளர் சொல்லிக்கொடுத்தது: "இல்லன்னா சண்டைக்கு வருவாங்க. பார்க்கலாம்னு சொல்லு, நாலு தடவை நடந்துட்டு அவங்களே நின்னுடுவாங்க." தச்சர், தையல்காரர், மெக்கானிக் என்று எத்தனையோ பேர் அப்படித்தான் நின்றுபோனார்கள்.

பிப்ரவரி 7

மனைவியிடம் சொன்னேன். "வாஷிங் மெஷினுக்கே ஆறு வருஷம் பார்த்தவராச்சே நீங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 19

அந்த அம்மாள் வந்தார். "பழைய ஓவனை வித்துட்டேன் சார். புதுசுக்கு அட்வான்ஸ் கட்டியாச்சு. லோன் என்னிக்கு வரும்?"

"யாரும்மா விக்கச் சொன்னது?"

"நீங்கதானே சார் பார்க்கலாம்னீங்க? பெரியவங்க வாயால வந்தா முடிஞ்ச மாதிரின்னு..."

அப்போதுதான் சொன்னேன். "லோன் இல்லம்மா."

சண்டை போடுவார் என்று பயந்தேன். போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா பழைய ஓவனை வெச்சே பொழச்சிருப்பேனே சார்." அவ்வளவுதான் சொன்னார். இதற்கா இத்தனை வருடம் பயந்தேன்? சே, என்ன மனுஷன்டா நான்!

பிப்ரவரி 20

ஓவன் கம்பெனிக்காரன் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டானாம். தலைமை அலுவலகத்துக்குப் பேசினேன். என்னிடம் தொழில் கற்றவன்தான் இப்போது அங்கே அதிகாரி. "பார்க்கலாம் சார்" என்றான்.

போனை வைத்துவிட்டேன். அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தானே.

மார்ச் 2

தூக்கம் இல்லை.

மார்ச் 14

என் சேமிப்பை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். பாதி சாமான் வெளியே கிடந்தது. ஓவன் இருந்த இடத்தில் சுவர் மட்டும் கறுப்பாக இருந்தது.

"மீதிப் பணத்தை நான் தரேம்மா."

"வாடகை நின்னுபோச்சு சார், காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இனிமே ஓவனை எங்க வைக்கிறது? தலையிலயா?"

அவர் மகள் தட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மே 31

பணி ஓய்வு பெற்றேன். நாலு பேர் பேசினார்கள். யார் மனமும் நோகும்படி ஒரு வார்த்தை சொல்லாதவர் என்றார்கள். தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

கடைவீதியின் பெரிய கடையிலிருந்து கேக் வந்தது. கொண்டுவந்தவர் அந்த அம்மாள்தான். அந்தக் கடையின் சீருடை, தலையில் காகிதத் தொப்பி. "பெட்டியைச் சாய்க்காதீங்க, க்ரீம் ஒட்டிக்கும்" என்று பியூனிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத்தானா சார்? நல்லா இருங்க."

கத்தியை என் கையில் கொடுத்தார்கள். வெட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.