ஸ்டெல்லாவும் ஸ்டூலும்

செவ்வாய், இரவு

காலையில் முதல் வேலையாக ஸ்டெல்லாவைக் குடோனிலிருந்து எங்கள் புடவைக்கடையின் பட்டுப் பிரிவுக்கே திரும்பக் கூட்டி வந்தேன். நாளெல்லாம் நின்று விற்றதில் வந்த கால் வீக்கம் வற்றட்டும் என்று, உட்கார்ந்து விலைச்சீட்டு கட்ட அவளை அங்கே அனுப்பியவள் நான்தான். இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றியது. ஆனால் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று, "வேலைய வுட்டுர்றேன்க்கா. அட்டப்பொட்டியாண்ட இன்னாத்த பேசுறது?" என்றாள்.

இன்று ஒரு கல்யாணப் பெண் எதுவும் பிடிக்காமல் எழுந்துவிட்டாள். ஸ்டெல்லா அரக்குப் பட்டு ஒன்றை ஒரே உதறலில் விரித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "கெளம்பு கண்ணு, இத்த மட்டும் பாத்துட்டுப் போ" என்றாள். அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு வாரமாகச் செத்திருந்த ஸ்டெல்லாவின் முகம் அப்படி ஜொலித்தது. மலைத்துப்போய் நின்றேன். தி.நகரில் இருபது வருடமாகப் புடவை விற்கிறேன். ஓய்வு என்று சொல்லி அவளிடமிருந்து எதைப் பிடுங்கினேன் என்று இன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் அவள் கால் மறுபடி வீங்கிவிட்டது. பக்கத்திலேயே ஸ்டூல் சும்மா கிடந்தது. "உக்காரேண்டி" என்றேன்.

"சூப்பர்வைசரு நீயே நிக்கறப்போ நா எப்டிக்கா குந்துறது?" என்று சிரித்தாள்.

முதலாளி தினமும் காலை பத்து மணிக்குப் பட்டுப் பிரிவு இருக்கும் மாடிக்கு வருவார். அவர் வரும்போது அங்கே யாரும் உட்கார்ந்திருந்ததே இல்லை. நாளை நான் உட்கார்ந்திருப்பேன்.