ஓலை காய்ந்த ஞாயிறு

கரோல் பாக், திங்கட்கிழமை

எய்யா ஜெயந்த்,

ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், கனடாக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் தேவலை, மாடி ஏறும்போது மட்டும் என் பேரைச் சொல்லித் திட்டுகிறாள். நேற்று குருத்தோலை ஞாயிறு. சபைக்கு ஊரிலிருந்து ரயிலில் ஓலை வரவழைப்பது என் பொறுப்பு, அதில் எனக்குள்ள கர்வமும் உனக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் ஈரச்சாக்கில் சுற்றிக் கட்டு வந்தது. பிரிக்காதீங்க, டெல்லிக் காற்று பொல்லாதது என்றாள் அம்மா. நான் கேட்பேனா? எனக்கே சொல்லித் தருகிறாயா என்று சாக்கைப் பிரித்துப் பால்கனியில் அழகாக அடுக்கிவைத்தேன். மறுநாள் பார்த்தால் அத்தனையும் துடைப்பம்! கோயிலுக்கே வரமாட்டேன் என்றேன், அம்மாதான் ஆட்டோவில் ஏற்றி இழுத்துப்போனாள்.

வெறுங்கையோடு வாசலில் நின்றேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையப்பா. ஓய்வுநாள் பள்ளி இந்திராணி டீச்சர், பார்க் தோட்டக்கார மாலி பையாவிடம் கேட்டுப் பிள்ளைகளோடு வேப்பங்கொப்பு ஒடித்துவந்தாள். முதல் கொப்பை என் கையில் கொடுத்து, அண்ணே நீங்க முன்னால நடங்க என்றாள். எல்லோரும் ஓசன்னா பாடினார்கள், நான் கொப்பை உயர்த்திப் பிடித்து முன்னால் நடந்தேன்.

பிரசங்கத்தில் போதகர் சொன்னார், அன்றைக்கு ஆண்டவரை ஓலையோடு வரவேற்ற ஜனங்கள் காத்திருந்தது ரோமனைத் துரத்தக் குதிரையில் வரும் ராஜாவுக்காம், ஆண்டவரோ இரவல் கழுதையில் வந்தார். விரித்த துணியும் ஓலையும் அவர்கள் மனசில் இருந்த ராஜாவுக்குத்தான், அதனால்தான் அவரைச் சிலுவையில் அறைந்த வெள்ளிக்கிழமைக்குள் பல பேருடைய குரல் மாறிவிட்டது, அது தெரிந்தும் அவர் வந்தார் என்றார். எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது. நீ கலெக்டராகிக் காரில் வருவாய் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். நீயோ பரீட்சையை விட்டுவிட்டு, சமையல் படிக்கப்போகிறேன் என்று ஒற்றைப் பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாய். நீ மணி அடித்தது எனக்குக் கேட்டது. நான் பேப்பரை விட்டுத் தலை தூக்கவில்லை, அம்மாதான் ஓடிவந்து திறந்தாள். நான் செய்தது தப்பு, ஜெயந்த். வெறுங்கையோடு போன என்னைச் சபை சேர்த்துக்கொண்டது, பெற்ற பிள்ளைக்கு நான் அதைச் செய்யவில்லை. அப்படியும் நீ வாராவாரம் போன் பண்ணி, அப்பா சாப்பிட்டாரா என்று அம்மாவிடம் கேட்கிறாய். இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்ததற்கு ஆண்டவருக்கு எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் தகும்.

மே மாதம் வரட்டுமா என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாயாமே. உன் வீட்டுக்கு வர என்ன கேள்வி? வெயில் கொளுத்தும், பருத்திச் சட்டையாகக் கொண்டுவா. உன் கையால் சமைத்து எனக்கு ஒரு வேளை போடு, குறை சொல்லாமல் சாப்பிடுகிறேன். போகிற இடமெல்லாம் கர்த்தர் உனக்குத் துணையாக இருப்பார். விமானம் எத்தனை மணிக்கு என்று மறக்காமல் எழுது, விமான நிலையத்துக்கே வருகிறேன். ஒருவேளை சொல்லாமல் வந்து மணி அடித்தாலும், கதவை நான்தான் திறப்பேன் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்பாவு