கல்கல் சீப்பு

அடியே,

விரலில் முட்டை நாற்றம் இன்னும் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தேன், ம்ஹூம். பிறந்ததிலிருந்து முட்டையைத் தொடாத கை இது. எல்லாம் உன்னால்தான்.

மந்தைவெளியில் இந்த அடுக்குமாடிக்கு நாங்கள் குடிவந்தபோது எதிர்வீட்டில் நீ இருந்தாய். பட்டினப்பாக்கத்து மீன்காரக் குடும்பத்துப் பெண். உன் வீட்டுக்காரர் தரமணிக்கு ஆபீஸ் பஸ் ஓட்டுகிறவர். மீன் வாசனை வருமே என்று பயந்தேன். வந்தது. கொஞ்ச நாளில் பழகியும் போனது. கருவாடு வறுக்கிற நாளில் மட்டும் நீயே வந்து, "மாமி, கதவ சாத்திக்கோ, இன்னிக்கு நெத்திலி" என்று சொல்லிவிட்டுப் போவாய்.

ஐப்பசி மழை பிடித்தால் இரண்டு வீட்டுத் துணியும் நடுவில் இருக்கும் நடையில்தான் காயும். காயும் என்பது பேச்சுக்குத்தான். கார்த்திகைக்கு என் வீட்டில் பொரி உருண்டை. பாகு சூட்டில் உருண்டை பிடிக்க உன் கைதான் வேண்டும். "அடுப்புல வெந்த கை மாமி, இதுக்கு இன்னா ஆயிடப் போவுது" என்று நீ பிடிக்கப் பிடிக்க, நான் ஊதிக்கொண்டு நிற்பேன்.

அகல் விளக்குகளைத் துடைத்துப் பரணில் ஏற்றிய கையோடு உன் வீட்டில் கிறிஸ்துமஸ் வேலை தொடங்கிவிடும். மாடவீதி பிளாட்பாரத்தில் புதுச் சீப்பு ஒன்று வாங்கி வருவாய். எண்ணெயில் பொரித்தெடுக்கிற கல்கலுக்கு இனிப்பு மாவைச் சிறு உருண்டையாக்கி, சீப்பின் பல்மேல் அழுத்திச் சுருட்டினால் வரிவரியாய்ச் சோழி போல வரும். எங்களுக்காக முதல் ஈட்டில் முட்டை இருக்காது. வாணலி தனி, எண்ணெய் தனி. நான் கேட்டதே இல்லை, நீயாகச் செய்தாய்.

ஆனால் மாவு பிசைய மட்டும் என்னை விடமாட்டாய். ஒரு வருஷம் பிடிவாதமாக நான் பிசைந்தது கல்லாகி, எங்காத்துக்காரர் கடைவாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாரே, அதை ஈஸ்டர் வரைக்கும் சொல்லிச் சிரித்தாய். "நீ உருட்டு மாமி, போதும். மாவுல கை வெக்காத."

அவர் மட்டும் லேசுப்பட்டவரா? இன்னொரு வருஷம் மேஜைமேல் சீப்பு புதிதாக இருக்கிறதே என்று எடுத்துத் தலை வாரிவிட்டார். இருப்பதே நாலு முடி. "அய்ய, மாமா! மாவுக்கு வெச்சத மண்டைக்கு வெச்சிட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் இன்னொரு சீப்பு வாங்க ஓடினாய்.

இந்த வருஷம் ஆடியில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லையடி.

கார்த்திகை மழையில் துணி கிளிப் தேடி என் சமையலறை டிராயரைக் கிளறியபோது, உருட்டி முடித்து நான் கையோடு எடுத்து வந்துவிட்ட போன வருஷத்துச் சீப்பு கையில் வந்தது. ஆரஞ்சு நிறம். பல் இடுக்கில் நீ பிசைந்த மாவு காய்ந்து கிடந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். உன் பெண் வாசலில் நின்று, "ஸ்டார்கூட வேணாம்னுட்டாரு மாமி அப்பா" என்றாள். உன் நாத்தனார் கடைக் கேக் அனுப்புவாளாம். கடைக் கேக்! உன் வீட்டுக்குக் கல்கல் இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸா? அக்கம்பக்கம் எதற்கு இருக்கிறது?

உன் வீட்டுக் கல்கல் என்றால் முட்டை போட்டே ஆக வேண்டும். கடைக்காரர், "மாமி, முட்டை யாருக்கு?" என்று கேட்டார். "எனக்குத்தான், குடுங்கோ" என்றேன். இரண்டு முறை என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கட்டிக் கொடுத்தார். உடைத்தால் பாதி ஓடு மாவுக்குள். "என்னடி இது, ஆத்துல இப்படி ஒரு நாத்தம்?" என்று எங்காத்துக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "எதிராத்துக் குழந்தைக்கு. வந்து உருட்டுங்கோ" என்றேன். நான் வாங்கி வைத்திருந்த புதுச் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் டப்பாவோடு போனேன். உன் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. உன் பெண் ஒன்றை எடுத்துக் கடித்தாள். 'கடக்' என்றது. எனக்கு உயிரே போய்விட்டது. முட்டை உடைத்து, மானம் போய், கடைசியில் இதுவா?

அவள் என்னையே பார்த்தாள். பிறகு உன் குரலில், உன் இழுப்பிலேயே கேட்டாள்: "மாமீ... மாவுல கை வெச்சியா நீ?"

சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். உன் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "எனக்கும் ஒண்ணு குடு மாமி" என்று வாங்கி, கடிக்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

"அடுத்த வருசம் மாவு நான் பெசையறேன்" என்றாள் உன் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ உருட்டு மாமி, போதும்."

உன் வீட்டில் என் வேலை போகவில்லையடி.

அந்தப் பழைய சீப்பை மட்டும் நான் கழுவவில்லை. உன் மாவோடு டிராயரின் அடியில் கிடக்கிறது. எங்காத்துக்காரர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறேன்.