ஏழாம் குழியின் சூடு

1974 மார்ச் 4, திங்கள்

சுராயா இன்றைக்கும் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "அந்தச் சட்டைய அங்கியே கழட்டிப் போட்டுட்டு வாங்க. வூடு பூரா நாறுது." பதினாறு வருஷம் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். அதில் ஆறு வருஷமாக, ஊர்க் குப்பையைக் குழியில் போட்டு உரமாக்கும் உரக்கிடங்கு என் பொறுப்பு. எனக்கு மூக்கு செத்துப்போய் ரொம்ப நாளாகிறது. அவளுக்கு இன்னும் இருக்கிறது, பாவம்.

ஆனால் இன்று சிரித்துக்கொண்டே கழற்றினேன். ஆர்டர் வந்துவிட்டது! மாமல்லபுரத்தில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மீனவர் குப்பம் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் முந்நூற்று இருபது மரக்கன்று நடப்போகிறார்கள். பூவரசு, புங்கன், வேம்பு. வெறும் மணல், உரம் இல்லாமல் எதுவும் நிற்காது. அந்த உரத்தை எங்கள் கிடங்கிலிருந்தே எடுத்துக்கொள்வதாக ரோடு இன்ஜினீயர் வாசுதேவன் எழுதியிருக்கிறார். இருபத்து நாலு லாரி.

போன மாதம்தான் கூட்டத்தில் பேசினார்கள். உரத்தில் கண்ணாடித் துண்டு கிடக்கிறது என்று விவசாயிகள் யாரும் வாங்குவதில்லை, கிடங்கை மூடிவிட்டுக் குப்பையை ஏரி ஓரமாகக் கொட்டிவிடலாம் என்று. மூடினால் பதினோரு பெண்களுக்கு வேலை போகும். இந்த ஆர்டர் நல்லபடியாக முடிந்தால் வருஷா வருஷம் வாங்குவோம் என்கிறார் வாசுதேவன். அல்ஹம்துலில்லாஹ். வேறு என்ன எழுத?

மார்ச் 19, செவ்வாய்

பதினெட்டு லாரி போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு குழியும் கிடங்கில் வேலை செய்யும் சொர்ணம் கம்பி போட்டுப் பார்த்த குழி.

இதை எழுதி வைக்க வேண்டும். ஆள் உயரக் கம்பியைக் குழியின் நடுவில் இறக்கி, ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் விட்டு, உருவி எடுத்து உள்ளங்கையால் பிடிப்பாள். சில்லென்று இருந்தால் உரம் ஆகிவிட்டது. சுட்டால் உள்ளே இன்னும் குப்பை வெந்துகொண்டிருக்கிறது, தொடக் கூடாது. எங்கள் ஆபீஸில் இதற்கு ஒரு தெர்மாமீட்டர் உண்டு. உடைந்து மூன்று வருஷம் ஆகிறது. சொர்ணத்தின் கை உடையவில்லை.

மார்ச் 28, வியாழன்

இன்னும் ஆறு லாரி வேண்டும். உரம் ஆன குழி ஒன்றுகூடப் பாக்கி இல்லை. ஏழாம் குழி மட்டும்தான். அது பொங்கலுக்கு அப்புறம்தான் மூடியது, இரண்டரை மாதம்கூட ஆகவில்லை.

முப்பத்தொன்றாம் தேதிக்குள் வேலை முடியாவிட்டால் திட்டத்துக்கான பணமே காலாவதியாகிவிடும் என்று வாசுதேவன் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். சொர்ணம் கம்பியை உருவி என் பக்கம் நீட்டினாள். "இன்னா சார், நீயே புட்சிப் பாரு. வெந்துகினு கீது. இத்தப் போட்டா கன்னு கருகிப்பூடும்."

நான் பிடித்துப் பார்க்கவில்லை. "மேலால கொஞ்சம் ஆறவிட்டு ஏத்து" என்றேன். அவள் கம்பியைத் துடைத்து வைத்தாள். லாரியோடு போகும் சீட்டில் 'முதிர்ந்த உரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் பிடித்துப் பார்க்கவில்லை? பிடித்தால் தெரிந்துவிடுமே, அதனால்தான்.

மார்ச் 29, வெள்ளி

ஆறு லாரியும் போய்விட்டது. ஜும்ஆத் தொழுகையில் மனசு நிற்கவில்லை.

ஏப்ரல் 17, புதன்

காலையில் வாசுதேவன் போன். "அமானுல்லா சார், ஒரு நடை வந்துட்டுப் போங்க." குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. செங்கல்பட்டு போய் பஸ் மாறி, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து முக்கால்வாசி தூரம் கன்றுகள் நன்றாகத் துளிர்த்திருக்கின்றன. குப்பத்துக்குக் கிட்டே கடைசி எண்பது — இலை ஓரமெல்லாம் தீய்ந்து, சுருண்டு, பாதி உதிர்ந்தே விட்டது. கடைசி ஆறு லாரி எங்கே இறங்கியது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கன்றின் அடியில் விரலை விட்டேன். சூடு. மூன்று வாரம் கழித்தும் சூடு!

"உப்புக் காத்தா இருக்குமோ?" என்றார் வாசுதேவன். நல்ல மனுஷர், எனக்கு ஒரு வழி காட்டிப் பார்க்கிறார். நான் விரலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

குப்பத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த சடையன் என்பவர் எழுந்து வந்தார். "இன்னா பாய், எங்களாண்ட வந்த கன்னு மட்டும் செத்துப்பூடுமா? வெயில்ல குந்திக்கினு வலை தைக்கிறோம், நெழலு வரும்னு நெனச்சோம்."

இருவரிடமும் உண்மையைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயசில் இப்படி ஒரு வெட்கம்.

ஏப்ரல் 18, வியாழன்

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஹெட் கிளார்க் உலகநாதன் என் மேஜையில் வந்து உட்கார்ந்தார். "லேபர் தவறுதலா வேற குழிலேர்ந்து ஏத்திட்டாங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க பாய். அந்தப் பொம்பளைக்கு ஒரு வார்னிங், அதோட முடிஞ்சுது." எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொல்கிறார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

டீ குடித்தேன். அந்த இரண்டு வரியை மனசுக்குள் எழுதியும் பார்த்தேன். எவ்வளவு சுலபமாக வருகிறது! அடப் பாவி, அவ சொன்னாளேடா, கம்பிய எடுத்து உன் கையில நீட்டினாளே —

பேப்பரை எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

தொழுகை முடிந்ததும் கிடங்குக்குப் போனேன். சொர்ணம் வேலியோரம் கனகாம்பரம் பறித்துக்கொண்டிருந்தாள். அந்த வேலியோரப் பாத்தி பதினோரு பெண்களும் சேர்ந்து வைத்தது. பூ கட்டி பஸ் ஸ்டாண்டில் விற்று, வந்த காசை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வார்கள். எனக்குத் தெரியாத மாதிரி நானும் இருந்துகொள்வேன்.

கன்று கருகியதைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். "அப்பவே சொன்னேனே" என்ற வார்த்தைக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. "வேர் செத்துப்பூட்ச்சா சார்?" என்றாள்.

"தெரியல."

"வேர் இருந்தா பொழைக்கும். அந்தச் சூட்டு ஒரத்தத் தோண்டி வெளிய போட்டுட்டு, ஆறின ஒரமா வெச்சி, நாலு நாள் தண்ணி ஊத்தணும்."

"ஆறின உரத்துக்கு எங்க போவேன்? கிடங்குல ஒரு கூடை இல்லையே."

அவள் பாத்தியின் பின்னால் இருந்த மேட்டைக் காட்டினாள். ஓலை போட்டு மூடியிருந்தது. இரண்டு வருஷத்து உரம், பூச்செடிக்கு என்று அவர்கள் சல்லடையில் சலித்துச் சேர்த்தது. காப்பித்தூள் மாதிரி இருந்தது. "இத்த எட்துக்கோ சார். பூவு அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள்.

மற்ற பெண்களைக் கேட்க வேண்டாமா என்றேன். "கேட்டேன். நீ காலைல மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு போனியே, கன்னுதான் கருகிப்பூட்ச்சின்னு தெரிஞ்சிது, அப்பவே கேட்டுட்டேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

என் வாழ்க்கையில் மறக்கக் கூடாத நாள். சொர்ணத்தோடு ஏழு பெண்கள் விடிவதற்குள் லாரியில் வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் வேலை நாள் இல்லை.

எண்பது கன்றையும் கையாலேயே தோண்டினோம். மண்வெட்டி பட்டால் வேர் அறும். நானும் தோண்டினேன், உள்ளங்கை இரண்டும் எரிகிறது. வாசுதேவன் ஒரு வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன் — ஏழாம் குழி, கம்பி, என் கையெழுத்து எல்லாம். "நாலஞ்சு தடவை போன் பண்ணி அவசரப்படுத்தினது நான்தானே சார்" என்றார். அவர் இரண்டு தடவைதான் செய்தார். பிறகு அவரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

சடையன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், குப்பத்துப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். அவர் மனைவி சாந்தா தவலையோடு வந்தாள், அவள் பின்னால் பத்துப் பதினைந்து பேர். குப்பத்துக்கு இருப்பது ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. சித்திரை மாசத்தில் அதிலிருந்து எண்பது கன்றுக்கு ஊற்றினார்கள். "நாளிக்கும் நாங்களே ஊத்திக்கிறோம் பாய், நீ பஸ் ஏறி வராத" என்றாள் சாந்தா. மதியம் எல்லோருக்கும் அவர்கள் வீட்டுக் கஞ்சியும் கருவாடும்.

இத்தனை பேருக்கு நான் என்ன செய்துவிட்டேன்? ஒன்றுமே செய்யவில்லை, கெடுதல் ஒன்றைத் தவிர.

ஏப்ரல் 22, திங்கள்

விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். 'பணியாளர் சொர்ணம் எச்சரித்தும், உரம் முதிரவில்லை என அறிந்தே அனுப்பியது நான்.' உலகநாதன் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சுராயா படித்துவிட்டு, ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். கேட்டதே போதும்.

மே 9, வியாழன்

சாந்தா சொல்லியனுப்பியிருக்கிறாள்: எங்கள் பக்கம் துளிர் விட்டிருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

எனக்கு ஒரு வருஷம் இன்க்ரிமென்ட் நிறுத்தம். சொர்ணத்துக்கு ஒன்றும் இல்லை. கிடங்கை மூடுவது பற்றி வாசுதேவனின் அறிக்கை வந்த பிறகு முடிவு.

எண்பதில் அறுபத்தொன்று பிழைத்தது.

அக்டோபர் 18, வெள்ளி

பெருநாள். சுராயா பிரியாணிச் சட்டி ஒன்றைத் தனியாக எடுத்துவைத்து, "இது கெடங்குக்கு" என்றாள். நான் சொல்லவே இல்லை. தானே கூட வந்து, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, பதினோரு பேருக்கும் பரிமாறினாள். வேலியோரம் புதுக் கனகாம்பர நாற்று நட்டிருந்தார்கள். சொர்ணம் சுராயா தலையில் பூ வைத்துவிட்டாள், எங்கேயோ வாங்கி வந்த பூ.

மழை பிடித்துக்கொண்டது. கன்று பட்டுப்போன பத்தொன்பது இடத்திலும் வாசுதேவன் மறுபடி பூவரசு நட்டுவிட்டார்.

நவம்பர் 27, புதன்

அறிக்கை போன வாரம் வந்தது, கூடவே புது ஆர்டர். இனி ஒவ்வொரு வருஷமும். கிடங்கு மூடுவதில்லை. சீட்டு அச்சடித்தே அனுப்பியிருக்கிறார்கள். என் கையெழுத்துக்கு மேலே புதிதாக ஒரு இடம்: 'கம்பி வைத்துச் சூடு பார்த்தவர்.' அதில் பதியாமல் லாரி நகரக் கூடாது.

முதல் லாரி இன்று பத்து மணிக்கு வந்தது. சொர்ணம் இரண்டாம் குழியில் கம்பியை இறக்கினாள். வெற்றிலை போட்டாள். உருவினாள். பிடித்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள்.

இந்த முறை பிடித்துப் பார்த்தேன். சுட்டது.

"இன்னும் பத்து நாளு சார்."

டிரைவர் எரிந்து விழுந்தான், இவ்வளவு தூரம் வந்து காலியாகத் திரும்புவதா என்று. சீட்டில் 'சூடு உள்ளது, அனுப்பவில்லை' என்று எழுதினேன். சொர்ணம் மேலே கட்டைவிரல் வைத்தாள், கீழே நான் கையெழுத்துப் போட்டேன். லாரி காலியாகப் போனது. மத்தியானம் வாசுதேவன் போன் செய்தார்: "பத்து நாள் கழிச்சு லாரிய அனுப்பறேன் சார்." அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் சுராயா வாசலில் என்னை மோந்து பார்க்கிறாள். "இன்னாங்க, வாடையே காணோம். வேலைக்குப் போனீங்களா இல்லியா?"

போனேன், இன்று எந்தக் குழியையும் கிளறவில்லை என்றேன். சட்டையோடு உள்ளே வந்தேன்.