உறைந்த தேனும் ஒரு கியூஆர் கோடும்

ஆகஸ்ட் 3

இன்றும் கார்கள் நிற்காமல் போயின. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தெற்கே ஓஷ் போகிறவர்கள் டொக்டோகுல் ஏரிக்கரையில் எங்கள் தேன்கடை வரிசை வந்ததும்தான் வேகம் பிடிக்கிறார்கள்.

மனைவி சய்ரா சொல்லிவிட்டாள்: "முதல் பனிக்குள்ள விக்கலைன்னா தேன் டின் எல்லாத்தையும் தூரோனுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் புலம்பக் கூடாது." தூரோன் மொத்த வியாபாரி. என் தேனில் சர்க்கரைப்பாகைக் கலந்து, டொக்டோகுல் தேன் என்றே விற்பான். நினைத்தாலே வயிறு எரிகிறது.

மகள் பெகிமாய்க்கு பிஷ்கெக்கில் விளம்பரக் கம்பெனி வேலை. லீவுக்கு வந்தவள் கியூஆர் கோடு அச்சடித்துக் கொண்டு வந்திருக்கிறாள். போனைக் காட்டினால் எங்கள் தேன்கூடுகளின் வீடியோ ஓடும். அதில் நான் குதிரையில் வருகிறேன். பின்னால் பாட்டு. குதிரைக்கு முன்னால் என் தொப்பை வருகிறது.

ஆகஸ்ட் 5

கியூஆர் கோட்டை எங்கே வைப்பது? கண்ணில் படுகிற இடத்தில் என்றாள் மகள். ருசி பார்க்க வைத்திருக்கும் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். நல்ல மூளை எனக்கு.

ஆகஸ்ட் 6

ஒரு அம்மாள் ரொட்டியை எடுத்தார், கியூஆர் கோட்டைப் பார்த்தார், எடுத்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார். அடுத்து ஒரு பெரியவர் தின்று முடித்துப் போனை நீட்டினார். "என்னப்பா இது, எவ்வளவுன்னு கேக்கவே மாட்டேங்குது. தேனீ பறக்குது."

அப்போதுதான் உறைத்தது. இங்கே அந்தக் கட்டத்தைப் பார்த்தால் காசு கட்டத்தான் போனை எடுப்பார்கள். நான் ரொட்டிக்குக் காசு கேட்டிருக்கிறேன். வாசலில் நிற்கிறவனைக்கூட ரொட்டி கிள்ளி வாயில் போடாமல் அனுப்பாத ஊரில்.

பக்கத்துக் கடை காலிபூபூ அக்கா விடுவாளா? "ஏன் சார்ஷென், ரொட்டிக்குக் காசுன்னா நிழலுக்கு எவ்ளோ? நான் உன் குடைக்குக் கீழதான் நிக்கிறேன்." வரிசை முழுக்கச் சிரிப்பு.

ஆகஸ்ட் 7

கோடு ஜாடி மூடிக்குப் போய்விட்டது. "எதுக்குன்னு எழுதாம வெச்சா இப்படித்தான்ப்பா" என்றாள் மகள். அதனால் மேலே எழுதினோம்: காசுக்கு அல்ல. எங்கள் தேனைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 29

எத்தனை பேர் எப்போது பார்த்தார்கள் என்று பெகிமாயின் போனில் தெரியும். பிஷ்கெக் திரும்பியவளைக் கேட்டேன். ஒரே ஒரு ஆள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறானாம்.

நான்தான்.

ஏன் வேறு யாரும் பார்க்கவில்லை? காரில் வருகிறவர்கள் இருட்டுவதற்குள் கணவாயைத் தாண்ட வேண்டியவர்கள். என் தொப்பையைப் பார்க்க ஏது நேரம்? அப்படியானால் அவர்களுக்கு எப்போதுதான் நேரம்? — யோசிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 20

பதில் ஜாடியோடு வந்தது. போன மாதம் வாங்கிப்போன பிஷ்கெக்காரர். தேன் வெள்ளையாக இறுகிக் கிடந்தது.

"ஆட்டு வால்கொழுப்பு மாதிரி இருக்கு. எவ்ளோ சக்கரை போட்ட?"

"குளிருக்கு உறையும்ணே. மூடியில கோடு இருக்கே, பாக்கலையா?"

"காலையில டீக்குத் திறந்தப்பவே பாத்தேன். நான் சக்கரையைக் கேட்டா நீ குதிரையைக் காட்டுற."

எனக்குக் கோபமே வரவில்லை. மனிதர் பார்த்திருக்கிறார். வீட்டில், காலைத் தேநீரோடு, சந்தேகம் வந்த நேரத்தில். வெதுவெதுப்பான நீரில் ஜாடியை வைத்து இளக்கிக் காட்டினேன். பூ வாசனை வந்ததும் குரல் இறங்கியது.

அக்டோபர் 21

விற்ற மூடியை இனி எப்படி மாற்றுவது? மகளுக்குப் போன் போட்டேன்.

"கோடு அப்படியே இருக்கட்டும்ப்பா. அது காட்டுற வீடியோவை நான் இங்கிருந்தே மாத்திடுறேன்."

அப்படியென்றால் யார் யார் வீட்டு அலமாரியிலோ இருக்கிற என் ஜாடிகள் நாளை முதல் வேறு பேச்சுப் பேசும். இதை ஏன் யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை?

குதிரை போயிற்று. புது வீடியோ எடுக்க சய்ரா போனைப் பிடித்தாள். "ஏன் உறையுதுன்னா..." என்று ஆரம்பித்து, ஜாடியைச் சுடுதண்ணீரில் வைக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டேன். "கொதிக்கிற தண்ணி வேணாம்னு ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க கேளுங்க" என்று அவள் அதட்டியதும் பதிவாகிவிட்டது. அதை வெட்டக் கூடாது என்கிறாள் மகள். கடைசியில் எங்கள் போன் நம்பர்.

நவம்பர் 11

பனி விழுந்தது. தூரோன் லாரியோடு வந்துவிட்டான். "எதுக்குண்ணே வீம்பு? உங்க ஊர்ப் பேர்தானே போடுறேன்." அதுதானே என் வயிற்றெரிச்சல். சய்ரா தேநீரும் ரொட்டியும் கொடுத்து, "அடுத்த வாரம் வா தம்பி" என்றாள். நான் போய் மீதி டின்களை எண்ணினேன்.

நவம்பர் 15

பிஷ்கெக்கில் குளிர் இறங்க இறங்க, வீடியோ பார்ப்பவர்கள் கூடுகிறார்களாம். எல்லாம் காலை நேரத்தில்.

நவம்பர் 16

நாரினிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தேன் இருக்கா என்று கேட்பதற்கு முன்னால், "அந்த அதட்டுற அக்காகிட்ட குடுங்க" என்றாள். போன் சய்ரா கைக்குப் போனது. இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை.

நவம்பர் 18

தூரோன் வந்தபோது சய்ரா போனில் கேட்டவர்களுக்கு அனுப்ப டாக்ஸியில் ஜாடிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். எந்தப் பெட்டி யாருக்கு என்பதிலேயே குறியாக இருந்தவள், அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "டின்னு தர்றதுக்கில்ல தம்பி. ஜாடிக்கே பத்தாது போல."

அவன் ஒரு ஜாடியை எடுத்து மூடிக்கு நேராகப் போனைக் காட்டினான். நான் விரலைச் சுட்டுக்கொள்கிற இடத்தில் சிரித்தான். பிறகு அந்த ஜாடியை வாங்கிக்கொண்டான்.

"கடைக்கா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குண்ணே" என்றான்.