மேடையில் கும்பிட்ட கை

பங்குனி 20, வெள்ளி
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. நவரைப் பட்டத்து நெல் அறுக்கும் மெஷின் ஞாயிறுதான் வருமாம்.

எங்கள் கட்சி வேட்பாளர் வந்துபோனார். இவர்கள் பேச்சை லேசில் நம்புகிறவன் இல்லை நான். அப்பா ஓட்டுப் போட்ட சின்னம், அதற்கே என் ஓட்டும். ஆளைப் பார்ப்பதில்லை. இவர் செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு அம்மன் கோயிலுக்கு வந்தார். ஏரிப்பாசன நிலத்தைத் தொழிற்சாலைக்கு எடுக்க விடமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம்! நம்பித் தொலைத்தேன். தம்பி ஏழுமலையிடமும், "இவன் நம்ம ஆளுடா" என்றேன்.

பங்குனி 22, ஞாயிறு
மெஷின் வரவில்லை. சாயங்காலம் உத்திரமேரூரில் கூட்டம். எனக்கு மேடையில் நாற்காலி, பொன்னாடை. வேட்பாளர் பேச்சில் குடவோலை, கல்வெட்டு என்று வழக்கமான பாட்டு. சரி, யார் வந்தாலும் பாடுவதுதான். பிறகு என் பெயரைச் சொன்னார். எழுந்து கும்பிட்டேன். பெயர் சொன்னால் கும்பிடத்தானே வேண்டும்? கை குவிந்தபடி இருக்க, மைக்கில்:

"ஏரிக்கு கீழ தொழிற்பேட்டை வருது! நெலம் தரேன்னு மொத ஆளா சம்மதிச்சவரு, இதோ நிக்கிறாரு பெரியவரு!"

விசில், கைத்தட்டல். கையை இறக்கக்கூடத் தோன்றவில்லை. சீ!

கீழே இறங்கியதும் மடக்கினேன். "சாமி முன்னால சொன்னியேப்பா?"

"மேலிடத்து முடிவு, நான் இன்னா பண்ணட்டும்? வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

பங்குனி 23, திங்கள்
வீடியோ எல்லார் போனிலும். டீக்கடையிலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சம்மதிக்கவே இல்லை என்றேன். "அப்ப ஏன் பெரிப்பா கும்புட்டுக்கினு நின்னீங்க?" என்றான் ஒருத்தன். இத்தனை வருஷமும் போட்ட ஓட்டு இதற்குத்தானா? கழுத்தறுத்துவிட்டான். வீட்டுக்காரி வேறு, "சும்மா பேஜார் பண்ணிக்காத, வந்து சாப்புடு" என்கிறாள்.

பங்குனி 25, புதன்
மேகமூட்டம். மெஷின் ஒருவழியாக வந்தது. என் கழனி முடித்து, பக்கத்தில் ஏழுமலை கழனிக்குப் போகச் சொன்னேன். அவனே ஓடி வந்தான், சிரித்த முகத்தோடு.

"இதான் கடைசி அறுப்புண்ணா. நேத்து புரோக்கர் வந்தாரு, நெலத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன்."

"யாரைக் கேட்டு வாங்கின?"

"யாரைக் கேக்கணும்? வீடியோல பாத்தேனே, அண்ணனே குடுக்குறாரு, நமக்கு மட்டும் இன்னா கீதுன்னுதான்..."