குறட்டை விட்டு வென்ற தீர்மானம்

என் செல்லச் சாந்துக்கார அலெக் அங்கிள்,

உயிரோடு இருந்தபோது உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இனி அந்தச் சாட்டுச் செல்லாது. மேலே வாசித்துச் சொல்ல யாராவது எங்கட ஆட்கள் இருப்பார்கள். வென்றுவிட்டோம். இனி எங்கள் நகரசபை பின்னேரத்தில்தான் கூடும், இரவு வேலை தொடங்குமுன்.

ஸ்கொட்லாந்தில் சின்ன வயதிலேயே சாந்துக் கரண்டி பிடித்த நீங்கள், மெல்பேர்ணில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரராகி, நகரசபை உறுப்பினருமானீர்கள். சுவரைப் பூசினீர்கள், பேச்சைப் பூசி மெழுக மட்டும் வரவில்லை. பட்டப்பகலில் கூடினால் தொழிற்சாலைச் சனம் எப்படி வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எப்போது வைத்தாலும் அவர்கள் வரப்போவதில்லை என்று தலைவர் சிரித்தார். பதில் கிடைக்குமுன் போய்விட்டீர்களே, அது நியாயமா?

உங்கள் இடத்துக்கு மார்கரெட் அன்ரி தேர்தலில் நின்று வென்றார். வீட்டில் உங்களையே வென்றவருக்கு அது பெரிய காரியமா? போன கிழமை, கூட்ட நேரத்தை மாற்றும் உங்கள் தீர்மானத்தை மறுபடி கொண்டுவந்தார்.

நான் சும்மா இருப்பேனா? இரவு வேலை முடித்து வந்த அப்பாவிடம், கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு சபைக்கு வரச் சொன்னேன்.

"அங்க வந்து நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?"

"ஒண்டும் கதைக்க வேண்டாம் அப்பா. இருந்தாப் போதும்."

பகல் நித்திரையை விட்டுவிட்டு, வேலையுடுப்போடு வந்து பார்வையாளர் வரிசையை நிரப்பினார்கள். மெத்தைக் கதிரை. வடிகால் பற்றிய நீண்ட அறிக்கை. முதலில் அப்பாவின் தலை சாய்ந்தது. பிறகு வரிசையே குறட்டை விட்டது. தலைவர் மணி அடித்தார். அப்பா மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவர்களை எழுப்பச் சொன்னார் தலைவர். அன்ரி எழுந்தார்.

"அவர்கள் தூங்கும் நேரத்தில் கூட்டம் வைத்தது நாங்கள். எழுப்ப வேண்டியது எங்களைத்தான்."

குறட்டையைக் கேட்டுச் சிரித்த உறுப்பினர்களே தீர்மானத்துக்குக் கை தூக்கினார்கள். கடைசிக் கை தலைவருடையது. கைதட்டலில் அப்பா விழித்து, முடிந்துவிட்டதா என்று கேட்டார். வென்றதைச் சொன்னேன்.

"ஓம், எனக்கு அப்பவே தெரியும்."

போய்த் திரும்பி வருவேன் என்பதற்கு எங்களிடம் கற்ற 'போட்டு வாறன்' என்பதை ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் வாசல் படலையில் நின்று சொன்னீர்கள். நான் அதை இன்னும் நம்புகிறேன். முதலாவது பின்னேரக் கூட்டத்தில் உங்கள் சாந்து படிந்த தொப்பியை முன்வரிசைக் கதிரையில் வைத்து, பக்கத்தில் விழித்திருப்பேன். யாராவது அதில் இருக்க வந்தால், ஆள் வாறார் என்று சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

வேலிக்கு இந்தப் பக்கத்து உங்கள் மகன்,
சுதன்